தெருவில் தோரணம் கட்டும் முன்

ஆடி மாதம் அம்மன் கோயில் தெருக்களிலும், தை பிறந்ததும் கல்யாண மண்டப வாசல்களிலும், தேர்தல் நெருங்கினால் எல்லாத் தெருமுனைகளிலும் சவுக்குக் கட்டைகள் வந்து இறங்கும். அதற்கு முன்பே ஃப்ளெக்ஸ் அச்சாகியிருக்கும். யார் படம் பெரிது, யார் முகம் எந்த வரிசையில், பட்டப் பெயர் சரியாக இருக்கிறதா என்றெல்லாம் பத்துப் பேர் பார்த்துச் சரிசெய்திருப்பார்கள். கட்டையை எங்கே நடுவது, காற்றடித்தால் எந்தப் பக்கம் சாயும், எந்த நாளில் யார் கழற்றுவது என்பதைப் பெரும்பாலும் யாரும் பேசியிருக்க மாட்டார்கள். உயிரைக் குடிப்பவை கட்டையும் கயிறும் மின்கம்பியும்தான். அதனால் இங்கே சொல்லப்போவதில் பெரும்பகுதி அவற்றைப் பற்றியதே.

2019 செப்டம்பர் 12 அன்று சென்னை பள்ளிக்கரணையில், துரைப்பாக்கம்–பல்லாவரம் ரேடியல் சாலையில் ஸ்கூட்டரில் வீடு திரும்பிக்கொண்டிருந்த 23 வயதுப் பொறியாளர் மீது, சென்டர் மீடியனில் கட்டியிருந்த கல்யாண பேனர் சரிந்து விழுந்தது. நிலைதடுமாறிச் சாலையில் விழுந்தவர் மீது பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறியது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 2017 நவம்பரில், கோயம்புத்தூர் அவிநாசி சாலையில் விழா வளைவுக்கான மரச்சட்டம் சாலையை மறித்து நின்ற இடத்தில் ஓர் இளைஞர் உயிரிழந்தார். இரண்டும் முன்னரே தடுத்திருக்கக்கூடியவை. தடுப்பதற்கான விதிகளும் அப்போதே இருந்தன. 1959-இல் வந்த திறந்தவெளி இடங்களின் அழகுக் கேட்டைத் தடுக்கும் சட்டம் தொடங்கி, டிஜிட்டல் பேனர்களுக்கென்றே 2011-இல் வகுத்த விதிகள் வரை எல்லாம் ஏட்டில் இருந்தன. சமூக ஆர்வலர் டிராஃபிக் ராமசாமி தொடர்ந்த வழக்கில் 2018 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் மாநிலம் முழுவதும் பேனர்களுக்கு இடைக்காலத் தடை போட்டிருந்தது. பள்ளிக்கரணை பேனர் அந்தத் தடைக்குப் பிறகு கட்டப்பட்டது.

இந்தக் குறிப்புகள் திருவிழாக் குழுவினருக்கும், கல்யாண வீட்டாருக்கும், வட்டச் செயலாளர்களுக்கும், ரசிகர் மன்றத்தாருக்கும், பந்தல்காரர்களுக்கும், அச்சகத்தாருக்கும்.

அனுமதி வாங்கும்போது

செய்யுங்கள்:

முதலில் சாலை யாருடையது என்று கேளுங்கள். ஊருக்குள் ஓடும் சாலை எல்லாம் மாநகராட்சியுடையது என்று நினைத்துவிடக் கூடாது. சில மாநில நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பில் இருக்கும், சில தேசிய நெடுஞ்சாலை. வார்டு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரைக் கேட்டால் சொல்லிவிடுவார்.

மாநகராட்சி, நகராட்சி அல்லது பேரூராட்சியிடம் எழுத்தில் விண்ணப்பியுங்கள். காவல் நிலையத்தின் தடையில்லாச் சான்று வேண்டும். தனியார் இடமென்றால் இடத்துக்காரரின் ஒப்புதல் கடிதமும் வேண்டும். விழாவுக்கு மூன்று வாரம் இருக்கும்போதே தொடங்கிவிடுங்கள். கடைசி இரண்டு நாளில் போய் நின்றால் அனுமதி கிடைக்காது, ஃப்ளெக்ஸோ அச்சாகிக் கையில் இருக்கும். அப்புறம் "பார்த்துக்கலாம் அண்ணே" என்று யாராவது சொல்வார்கள். தவறு தொடங்குவது அங்கேதான்.

2023 ஏப்ரலில் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் விதிகள் நடைமுறைக்கு வந்த பிறகு நடைமுறைகள் மாறியிருக்கின்றன. போன தடவை கட்டிய கட்டணத்தையும் போன தடவை சொன்ன அளவையும் நம்பாமல், இந்தத் தடவை என்ன என்று புதிதாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அனுமதி எண்ணும், எந்த நாள் முதல் எந்த நாள் வரை என்பதும் பேனரின் அடியில் படிக்கும்படி அச்சாகியிருக்க வேண்டும். அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்பே எண் கையில் இருந்தால்தான் இது முடியும். இந்த ஒரு வரிக்காகவாவது எல்லா வேலையும் சரியான வரிசையில் நடக்கும்.

செய்யாதீர்கள்:

"கவுன்சிலர் நம்ம ஆள்", "ஸ்டேஷன்ல சொல்லியாச்சு" என்பதை அனுமதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அனுமதி இல்லாத பேனருக்கு அபராதமும் உண்டு, சிறையும் உண்டு. விபத்து நடந்தால் வழக்கு வேறு மாதிரி ஆகிவிடும். பள்ளிக்கரணை மரணத்துக்கு மறுநாள் உயர் நீதிமன்றம் வழக்கைக் கையில் எடுத்து, குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தர உத்தரவிட்டது.

ஐந்து பேனருக்கு அனுமதி வாங்கி ஐம்பது கட்டாதீர்கள். அனுமதி ஒவ்வொரு பேனருக்கும் தனி, ஒவ்வோர் இடத்துக்கும் தனி.

அரசாங்க விழாவுக்குக் கட்டுகிறோம், நமக்கு விதி இல்லை என்று எண்ண வேண்டாம். 2019 அக்டோபரில் மாமல்லபுரத்தில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் சந்தித்தபோது, வரவேற்பு பேனர் வைக்கத் தமிழக அரசே உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அரசுக்குத் தனி அனுமதி தேவையில்லை, ஆனால் விதிகளைப் பின்பற்றியே வைக்க வேண்டும் என்றுதான் பதில் வந்தது.

இடம் பார்க்கும்போது

இங்கே செய்யக்கூடாதவையே அதிகம், அதனால் அவற்றை முதலில் சொல்கிறேன்.

சென்டர் மீடியனில் எதையும் கட்டாதீர்கள். சிறிய கொடியாக இருந்தாலும் வேண்டாம். இரண்டு பக்கமும் வண்டிகள் வேகமாகப் போகிற இடம் அது. அங்கே சாய்கிற எதுவும் ஓடும் வண்டி மேல்தான் விழும்.

சாலையின் குறுக்கே பேனர் கட்டாதீர்கள். குறுக்கே போகும் கயிறு ஒரு முனையில் அவிழ்ந்தால், பைக்கில் வருகிறவரின் கழுத்து உயரத்தில் தொங்கும். இரவில் கயிறு கண்ணுக்குத் தெரியாது.

தெருமுனையில், திருப்பத்தில், சிக்னல் அருகில் கட்டாதீர்கள். திரும்புகிற வண்டிக்காரருக்கு எதிரே வருபவர் தெரிய வேண்டும். பள்ளிக்கூட வாசல், மருத்துவமனை வாசல், பஸ் ஸ்டாப், தெருப்பெயர்ப் பலகை, வேகத்தடை எச்சரிக்கைப் பலகை ஆகியவற்றை மறைக்காதீர்கள். ஊருக்குப் புதியவர், ராத்திரி மழையில் ஆம்புலன்ஸ் ஓட்டி வருபவர், இவர்கள் அந்தப் பலகையை நம்பித்தான் வருகிறார்கள்.

நடைபாதையில் கட்டை நடாதீர்கள். சென்னையின் பல சாலைகளில் பார்வையற்றோருக்காக நடைபாதையில் மஞ்சள் நிறத்தில் மேடு பள்ளமான கற்கள் பதித்திருக்கிறார்கள். அந்தக் கோட்டைக் காலாலும் கோலாலும் தடவி நடந்து வருபவர் முகத்தில் ஃப்ளெக்ஸ் சட்டத்தின் மூலை இடிக்கும். அவருடைய கோலுக்குக் கீழே இருப்பது தெரியும், நெற்றி உயரத்தில் நீட்டிக்கொண்டிருப்பது தெரியாது. சக்கர நாற்காலிக்கான சரிவுப் பாதையில் கட்டை நின்றால் நாற்காலியில் வருபவர் சாலைக்குத்தான் இறங்க வேண்டும். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், பேனர் பற்றிய பேச்சு எப்போதும் வண்டி ஓட்டுபவர்களோடு நின்றுவிடுகிறது. அந்தத் தெருவில் நாள் முழுக்க இருப்பவர்கள் நடப்பவர்களும், தள்ளுவண்டிக்காரர்களும், கடை வாசலில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களும்.

இழுகயிற்றை நடைபாதைக் கம்பியிலோ, அடுத்த வீட்டு கேட்டிலோ, முழங்கால் உயரத்தில் தரைக்கம்பியிலோ கட்டாதீர்கள். வேறு வழியே இல்லையென்றால் கயிறு முழுக்க வெள்ளைத் துணியோ ஒளிரும் பட்டையோ சுற்றுங்கள்.

செய்ய வேண்டியவை இவை: கூடியவரை மண்டபத்தின், கோயிலின், உங்கள் வீட்டின் மதிலுக்கு உள்ளேயே கட்டுங்கள். மதிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதுவும் தெருவில் இருப்பதாகவே கணக்கு. வாசலில் வளைவு கட்டியே ஆக வேண்டுமென்றால் அதற்கும் தனி அனுமதி வாங்குங்கள். கால்கள் வண்டி போகும் பாதைக்கு வெளியே இருக்கட்டும். வளைவின் அடிவிளிம்பு தரையிலிருந்து 18 அடிக்குக் குறையாமல் இருக்கட்டும். தீயணைப்பு வண்டி எந்த நேரத்திலும் எதுவும் அவிழ்க்காமல் உள்ளே போக முடிய வேண்டும். கட்டி முடித்ததும் ஒருவரை பைக்கிலும் ஒருவரை ஆட்டோவிலும் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து பார்க்கச் சொல்லுங்கள், ஒரு தடவை பகலில், ஒரு தடவை இருட்டிய பிறகு.

கட்டையும் காற்றும்

ஃப்ளெக்ஸ் என்பது பிவிசி பூசிய பாலியெஸ்டர் துணி. காற்று அதன் ஊடே போகாது. நட்டு நிறுத்திவிட்டால் அது பாய்மரக் கப்பலின் பாய்தான். 10 அடிக்கு 8 அடி பேனர் ஒன்றின் மீது மணிக்கு 50 கிலோமீட்டர் வேகக் காற்று நேராக மோதினால், அந்த மோதல் ஏறத்தாழ 100 கிலோ எடையைச் சாய்த்து வைத்ததற்குச் சமம். காற்றின் வேகம் இருமடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும். கோடை மழைக்கு முன் மாலையில் திடீரென்று கிளம்புகிறதே, அந்தக் காற்றுக்கு 50 கிலோமீட்டர் பெரிய வேகம் இல்லை. இரண்டு சவுக்குக் கட்டையும் நாலு முழக் கட்டுக்கம்பியும் அதைத் தாங்கும் என்று நம்பித்தான் நம் ஊரில் பேனர்கள் நிற்கின்றன.

ஃப்ளெக்ஸில் அங்கங்கே அரைவட்டமாகக் கிழித்துவிட்டால் காற்று போய்விடும் என்று சொல்வார்கள். கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். அதை நம்பிக் கட்டையின் ஆழத்தைக் குறைக்காதீர்கள். வலைபோல் துளை உள்ள மெஷ் துணியில் அச்சடித்தால் பலன் உண்டு.

தார்ச்சாலையையும் நடைபாதையையும் கடப்பாரையால் தோண்டாதீர்கள். கீழே குடிநீர்க் குழாயும் மின் கேபிளும் போகின்றன. விழா முடிந்து கட்டையைப் பிடுங்கிய குழியில் மழைநீர் தேங்கி, ஒரு மாதத்தில் அது பள்ளமாகும். இரும்புத் தகட்டு அடிப்பலகை, சிமெண்ட் நிரப்பிய டிரம், மணல் மூட்டை என்று தோண்டாமல் நிறுத்த வழிகள் இருக்கின்றன. ஆனால் அவற்றால் தாங்க முடிவது சிறிய பேனரைத்தான். ஆகவே பேனரைச் சிறிதாக்குங்கள். அளவு ஒன்றைக் குறைத்தாலே பாதிச் சிக்கல் போய்விடும்.

பெரிய இரும்புச் சட்ட விளம்பரப் பலகை வேறு உலகம். அதற்குக் கட்டமைப்புப் பொறியாளரின் சான்று இல்லாமல் ஒரு போல்ட்டைக்கூட முடுக்காதீர்கள். 2024 மே 13 அன்று மும்பை காட்கோபரில் புயல்காற்றில் பெட்ரோல் பங்க் மீது விழுந்த பலகை 120 அடிக்கு 120 அடி. அங்கே அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச அளவு 40 அடிக்கு 40 அடி. 17 பேர் இறந்தார்கள்.

ஏறிக் கட்டுபவர்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை. 2023 ஜூன் 1 அன்று கோவை மாவட்டம் கருமத்தம்பட்டியில் விளம்பரப் பலகை பொருத்திக்கொண்டிருந்தபோது சாரம் சரிந்து மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள். காற்று எழும்பினால், தூறல் விழுந்தால், வேலையை நிறுத்தச் சொல்லுங்கள். விழா நாளைக்குத்தான் என்றாலும் நிறுத்தச் சொல்லுங்கள். பெல்ட்டும் ஹெல்மெட்டும் பந்தல்காரரிடம் இல்லையென்றால் நீங்கள் வாங்கிக் கொடுங்கள், கூலியில் பிடிக்காதீர்கள். நள்ளிரவு இரண்டு மணிக்கு, தூக்கமும் களைப்புமாக இருக்கும் ஆட்களைக் கட்டச் சொல்லாதீர்கள்.

மின்கம்பியும் சீரியல் செட்டும்

இதில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை.

இரும்புக் கொடிக்கம்பத்தை மின்கம்பிக்குக் கீழே தூக்கி நிறுத்தாதீர்கள். கம்பம் படுத்திருக்கும்போது எட்டாத தூரம், நிமிர்த்தும்போது எட்டிவிடும். அப்போது கம்பத்தைப் பிடித்திருக்கும் அத்தனை பேருக்கும் ஒரே கணத்தில் மின்சாரம் பாயும். 2021 ஆகஸ்டில் விழுப்புரத்தில், கல்யாணத்துக்கு வரும் கட்சித் தலைவருக்காகக் கொடிக்கம்பம் நட்டபோது 13 வயதுப் பையன் ஒருவன் இப்படித்தான் இறந்தான். எனவே இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: சிறுவர்களை இந்த வேலைக்குக் கூப்பிடாதீர்கள். தாங்களாகவே ஆசையாக ஓடி வந்தாலும் திருப்பி அனுப்புங்கள்.

மின்கம்பத்தில், தெருவிளக்குக் கம்பத்தில், டிரான்ஸ்பார்மர் வேலியில், பில்லர் பாக்ஸில் எதையும் கட்டாதீர்கள். கட்டுக்கம்பி வழியாகவும், மழையில் நனைந்த கயிறு வழியாகவும்கூட மின்சாரம் இறங்கும். கம்பத்தில் ஏறிப் பழுது பார்க்க வரும் லைன்மேனுக்கும் உங்கள் பேனர் ஆபத்து.

தெருக்கம்பியில் கொக்கி போட்டு சீரியல் செட்டுக்குக் கரண்ட் எடுக்காதீர்கள். 2003 மின்சாரச் சட்டத்தின் 135-ஆம் பிரிவின்படி அது மின்திருட்டு. சாமிக்காக எடுத்தாலும் அதேதான். மின்வாரியத்தில் தற்காலிக இணைப்பு கேட்டு வாங்கலாம், திருவிழாக்களுக்கு வழக்கமாகக் கொடுக்கிறார்கள்.

செய்ய வேண்டியவை: உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை வையுங்கள். மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போடச் சொல்லுங்கள். கசிவு வந்த மாத்திரத்தில் அது இணைப்பைத் துண்டித்துவிடும். சிறிய செலவுதான், அது காப்பாற்றுவது உயிரை. ஜெனரேட்டருக்கு எர்த் போடுங்கள். ஒயர் இணைப்புகளைத் தரையில் விடாதீர்கள், டேப் மட்டும் சுற்றி மழையில் விடாதீர்கள். இணைப்புகள் எல்லாம் தலைக்கு மேல், மூடிய பெட்டிக்குள் இருக்கட்டும். இரும்புக் கம்பங்களில் கட்டிய டியூப்லைட்டுகளை முதல் மழைத்துளிக்கே அணைத்துவிட ஓர் ஆளை நியமியுங்கள். மெயின் சுவிட்ச் எங்கே என்பது அந்த ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் போதாது, குழுவில் எல்லாருக்கும் தெரிய வேண்டும். எங்காவது கம்பி அறுந்து கிடந்தால் மின்வாரியத்தின் மின்னகம் சேவை மைய எண் 94987 94987. கம்பியின் அருகில் யாரையும் விடாமல் நின்றுகொண்டு அழையுங்கள்.

எதில் கட்டுவது

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்யப்பட்ட 14 பிளாஸ்டிக் பொருட்களில் பிளாஸ்டிக் கொடிகளும் உண்டு. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் பிளாஸ்டிக் கொடி, அலங்காரத் தெர்மோகோல், பலூன் குச்சி, 100 மைக்ரானுக்குக் குறைந்த பிவிசி பேனர் ஆகியவை தடையில் இருக்கின்றன. கடையில் கிடைக்கிறது என்பதற்காக வாங்காதீர்கள்.

மாவிலைத் தோரணம், குருத்தோலைத் தோரணம், வாழைமரம், காகிதக் கொடி, துணி பேனர் என்று நம்மிடம் எல்லாம் இருக்கிறது. துணி பேனர் எழுதும் ஓவியர்களை ஃப்ளெக்ஸ் வந்தபோது கைவிட்டோம். இன்னும் சில ஊர்களில் அவர்கள் சுவரெழுத்து எழுதிப் பிழைக்கிறார்கள். தேடிப் போய் வேலை கொடுங்கள். மூன்று முழத் துணியில் கையால் எழுதிய வரவேற்பைத் தெருவே நின்று படிக்கும்.

தேசியக் கொடியைத் தோரணமாகக் கட்டாதீர்கள். கொடி விதித் தொகுப்பு அதை அனுமதிப்பதில்லை. அதே கம்பத்தில் வேறு கொடி கூடாது, மாலை கூடாது, கொடியின் மேல் எதையும் எழுதக்கூடாது. சுதந்திர தினம் முடிந்து காகிதக் கொடிகள் சாக்கடை ஓரத்தில் கிடக்காமல் பொறுக்கி எடுத்து மரியாதையோடு அப்புறப்படுத்துங்கள்.

மரங்களில் ஆணி அடிக்காதீர்கள், சீரியல் செட்டை இறுக்கிச் சுற்றாதீர்கள், பேனர் தெரியவில்லை என்று கிளையை வெட்டாதீர்கள்.

அச்சகத்தாருக்கு

அனுமதிக் கடிதத்தின் நகல் இல்லாமல் வேலை எடுக்காதீர்கள். பழைய வாடிக்கையாளர், பெரிய ஆள், அவசரம் என்றாலும் எடுக்காதீர்கள். பள்ளிக்கரணை சம்பவத்துக்குப் பிறகு அந்த பேனரை அச்சடித்த கடைக்கு மாநகராட்சி சீல் வைத்தது. உங்கள் கடைப் பெயர் பேனரின் கீழே இருக்கும் என்பது நினைவில் இருக்கட்டும். கண்ணீர் அஞ்சலி பேனர் கேட்டு அழுதுகொண்டு வருபவரிடம் அனுமதி கேட்கத் தயக்கமாக இருக்கும். அவருக்குச் சிறிய அளவில், வீட்டு வாசலுக்குள் வைக்கும்படி அச்சடித்துக் கொடுங்கள். அந்த நேரத்தில் அவருக்குத் தேவையான உதவி அதுதான்.

பார்ப்பவர்கள்

சாய்ந்து நிற்கும் பேனரை நீங்களே பிடுங்கப் போகாதீர்கள். சண்டையும் வரலாம், கட்டையும் மேலே விழலாம். அனுமதி எண் அச்சாகியிருக்கிறதா என்று பார்த்து, இடம் தெரியும்படி படம் எடுத்து, சென்னையில் 1913-க்குச் சொல்லுங்கள். மற்ற ஊர்களில் உள்ளாட்சி அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுத்துப் புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். விழுந்துவிடும் நிலையில் இருந்தால் காவல் துறைக்கு 100. விழா வீட்டார் தெரிந்தவர்கள் என்றால் முதலில் அவர்களிடமே போய்ச் சொல்லுங்கள். பெரும்பாலானோர் உடனே ஆள் அனுப்புவார்கள்.

கழற்றும் நாள்

கட்டுவதற்குப் பேசும் கூலியிலேயே கழற்றும் கூலியையும் பேசி, கால் பங்கு பணத்தைக் கழற்றிய பிறகு கொடுப்பதாகச் சொல்லிவிடுங்கள். கழற்றும் பொறுப்பு யாருக்கு என்பதைப் பெயரும் செல்பேசி எண்ணுமாகக் குழுவின் நோட்டில் எழுதுங்கள். விழா முடிந்த மறுநாள் காலையே வேலை தொடங்கட்டும். ஃப்ளெக்ஸை மட்டும் உருவிக்கொண்டு கட்டையையும் கயிற்றையும் விட்டுப்போகும் வழக்கம் இருக்கிறது, அதை ஒப்புக்கொள்ளாதீர்கள். கம்பத்தில் தொங்கும் கட்டுக்கம்பித் துண்டுகளைக் குறட்டால் வெட்டி எடுக்கச் சொல்லுங்கள். குழந்தைகளின் கண் உயரத்தில்தான் அவை நீட்டிக்கொண்டிருக்கும்.

ஃப்ளெக்ஸைக் குப்பையோடு போட்டுக் கொளுத்தாதீர்கள். பிவிசி எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடும் டயாக்சின்களும் வெளியேறும், பக்கத்து வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் அன்றைக்கே மூச்சுத் திணறும். வைக்கோல் போரை மூட, தள்ளுவண்டிக்குக் கூரை போட, மழைக்குத் தார்ப்பாயாக என்று கேட்டு வாங்கிக்கொள்ள ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் கொடுங்கள்.

குழி தோண்டியிருந்தால் மண் போட்டு மிதித்துவிட்டுப் போகாதீர்கள், ஜல்லியும் சிமெண்டும் கலந்து தரைமட்டத்துக்கு அடையுங்கள், ஒரு நாள் அதன் மேல் வண்டி ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு கட்டும் முன் எடுத்த படத்தையும், கழற்றிச் சுத்தம் செய்த பிறகு அதே இடத்தில் எடுத்த படத்தையும் மண்டல அலுவலகத்தில் கொடுத்து, வைப்புத்தொகை கட்டியிருந்தால் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். அந்த இரண்டு படங்களையும் அனுமதிக் கடிதத்தோடு குழுவின் கோப்பில் வையுங்கள். அடுத்த ஆண்டு விண்ணப்பிக்கும்போது அதையே முதல் பக்கமாக இணைக்கலாம்.